இயங்காத இயந்திரம்: அறிவு யார் கையில்?

கரையோரக் கிராமத்துக் குடும்பமொன்றின் ஒரு நாள் வருமானம் எந்த நேரத்தில் தீர்மானிக்கப்படுகின்றது என்று கேட்டால், மீன் விலைபோகும் நேரத்தையே பலரும் சொல்வார்கள். உண்மையில் அது அதற்குப் பல மணி நேரம் முன்னரே, விடியாத இருளில், ஒருவர் படகு இயந்திரத்தின் கயிற்றைப் பிடித்து இழுக்கும் வேளையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றது. இயந்திரம் பற்றிக்கொண்டால் படகு போகும். பற்றாவிட்டால் பத்துத் தடவை, இருபது தடவை இழுப்பார்கள். ஒருவரின் தோள் சோர்ந்ததும் மற்றவர் இழுப்பார். பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போகும். கடைசியில், "எஞ்சின் சரிவராது, மெக்கானிக்கைக் கூப்பிட வேணும்" என்ற முடிவோடு எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

நட்டம் அந்த ஒரு நாளோடு நிற்பதில்லை. முதல் நாள் போட்டுவிட்டு வந்த வலை கடலிலேயே கிடக்கும். வலையில் பட்ட நண்டும் மீனும் பழுதாகும். இழுவைப் படகுகள் வந்துபோகும் இரவாயின் வலையே இல்லாமற் போகவும் கூடும். மெக்கானிக் நகரத்திலிருந்து வரவேண்டும். அவர் வந்து பார்த்து உதிரிப்பாகம் தேவை என்றால் இன்னுமொரு நாள் போகும். அந்தச் செலவுக்குக் கைமாற்று வாங்குவது மீன் எடுக்கும் முதலாளியிடந்தான். வாங்கிய பணத்துக்காகப் பிடிக்கின்ற மீனை அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். இவ்வாறு ஒரு காலையில் பற்றாமற்போன இயந்திரம் ஒரு பருவகாலத்துக் கடனாக மாறுகின்றது.

இத்தனைக்கும் அந்த மெக்கானிக் வந்து கண்டுபிடிப்பது என்ன? பல வேளைகளில் பிளக்கில் படிந்த கரி. எரிபொருளில் கலந்த நீர். தாங்கியின் மூடியில் திறக்க மறந்த காற்றுத்துளை. ஐந்து நிமிட வேலை. இயந்திரம் பழுதாவதை எவராலும் முற்றாகத் தடுக்க முடியாது. ஆனால் அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யத் தெரிந்த ஒருவர் கரையில் இல்லாதிருப்பது இயற்கையின் நியதியல்ல. அது நாம் மாற்றக்கூடிய ஒன்று. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இதனைத்தான்.

இயந்திரம் வந்தது, அறிவு வந்ததா?

பாயும் துடுப்பும் இருந்த காலத்தில் கடற்றொழிலாளி தனது கருவியின் முழு எசமானாக இருந்தார். கிழிந்த பாயை அவரே தைத்தார். கட்டுமரத்தின் கட்டு தளர்ந்தால் அவரே அவிழ்த்துக் கட்டினார். வலை பொத்துவதை வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் அறிந்திருந்தனர். கருவியில் பழுது வந்தால் அதைத் திருத்தும் அறிவு அந்தக் குடிசைக்குள்ளேயே இருந்தது.

1950களின் பிற்பகுதியிலிருந்து இந்நாட்டின் கடற்றொழில் படிப்படியாக இயந்திரமயமானது. உள்ளிணைப்பு டீசல் இயந்திரம் பூட்டிய மூன்றரைத் தொன் படகுகள் வந்தன. பின்னர் கண்ணாடிநார்ப் படகுகளும் அவற்றின் பின்புறத்தில் தொங்கவிடப்படும் வெளியிணைப்பு இயந்திரங்களும் பரவின. வடக்கில் நோர்வே மக்களின் உதவியுடன் உருவான சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியது. இவற்றால் விளைந்த நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. தூரக் கடலுக்குப் போகவும், காற்றை எதிர்த்துத் திரும்பவும், மீன் பழுதாகு முன் கரை சேரவும் இயந்திரமே வழிசெய்தது. ஆனால் இயந்திரத்தின் மேல்மூடி மட்டும் கடற்றொழிலாளிக்கு மூடிய பெட்டியாகவே இருந்தது. அதனோடு வந்த கைநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது. "தம்பி, மூடியிலை கை வையாதை, பிறகு இன்னும் பழுதாப் போகும்" என்பதுதான் தந்தை மகனுக்குச் சொன்ன பாடமாக இருந்தது.

எமது மக்களால் கற்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். பெற்றோல் கிடைக்காத அந்நாட்களில், சில துளி பெற்றோலைக் கொண்டு பற்றவைத்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் இம்மக்கள். உதிரிப்பாகம் கிடைக்காதபோது ஒரு பழைய இயந்திரத்தைக் கழற்றி மற்றொன்றுக்கு உயிர் கொடுத்தார்கள். தேவை ஆசிரியராக வந்தபோது சாதாரண மக்கள் எதையும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த அறிவு ஒழுங்குபடுத்தப்படவில்லை, எழுதி வைக்கப்படவில்லை. தெரிந்தவர்களிற் பலர் இடம்பெயர்ந்தும் கடல் கடந்தும் போனதோடு அந்த அறிவும் போய்விட்டது.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையின் பின்னர் எமது கரைகளுக்குப் படகுகளும் இயந்திரங்களும் பெருமளவில் வந்தன. சில இடங்களில் தேவைக்கு மிஞ்சியும், சில இடங்களில் அந்தக் கடலுக்குப் பொருந்தாத வகையிலும் வந்தன. 2009இல் போர் முடிந்து மக்கள் மீள்குடியேறியபோதும் இயந்திரங்கள் வழங்கப்பட்டன. கையளிப்பு வைபவங்கள் நடைபெற்றன, படங்கள் எடுக்கப்பட்டன. இயந்திரத்தோடு ஒரு பிளக் சாவியும் இரண்டு நாட் பயிற்சியும் சேர்த்து வழங்கப்பட்ட ஊர்கள் எத்தனை? ஒரு செயற்றிட்டத்தின் வெற்றியை வழங்கிய இயந்திரங்களின் தொகையால் அளப்பதா, மூன்று வருடங்களின் பின் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களின் தொகையால் அளப்பதா?

முதலில் ஒரு கேள்வி

எதுவும் தெரியாத ஒருவர் இயந்திரத்தின் முன் செய்வது, மேலும் மேலும் கயிற்றை இழுப்பதுதான். தெரிந்தவர் செய்வது கேள்வி கேட்பது. இயந்திரம் சுழல மறுக்கின்றதா, அல்லது சுழன்றும் பற்ற மறுக்கின்றதா? இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் பாதி மெக்கானிக் ஆகிவிட்டார் என்றே சொல்லலாம்.

கயிறு அசையவே மறுத்தால் முதலில் கியரைப் பாருங்கள். பல இயந்திரங்களில் கியர் நியூற்றலில் இல்லாவிட்டால் கயிறு இழுபடாதபடி ஒரு தடுப்பு உண்டு. படகு பாய்ந்துவிடாமல் ஆளைக் காப்பதற்கான ஏற்பாடு அது. நியூற்றலில் இருந்தும் இறுகி நின்றால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். இப்போது சுழன்று, பிளக் துளையால் நீர் வெளியே வந்தால், சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கின்றது என்பது தெளிவு. பிளக்கைக் கழற்றிய பின்பும் சுழலவில்லையாயின் பிசுற்றன் இறுகியிருக்கலாம். எண்ணெய் குறைவாகக் கலந்ததாலோ குளிரூட்டும் நீர் ஓடாததாலோ இது நேரும். அந்த நிலையில் பலங்கொண்டு இழுக்க வேண்டாம். அதற்கு மெக்கானிக்தான் தேவை. கயிறு வெளியே வந்து உள்ளே திரும்பாவிட்டால் பழுது அதன் சுருள்வில்லில் இருக்கின்றது; இயந்திரத்தில் அல்ல.

பற்றரியால் ஸ்ராட் செய்யும் இயந்திரமாயின் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டு இயந்திரம் சுழலாவிட்டால், பெரும்பாலும் பற்றரி வலுவிழந்திருக்கும், அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கும். முனைகளைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து இறுக்கிப் பூட்டினாலே பல இயந்திரங்கள் உயிர்பெறும். கழற்றும்போது எதிர் முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் தொட வேண்டும். ஒலியே இல்லையென்றால் பியூசையும் கியர் நியூற்றலில் இருப்பதையும் வயர் இணைப்புகளையும் பாருங்கள்.

சுழல்கின்றது, பற்றவில்லை

இயந்திரம் பற்றுவதற்கு மூன்று வேண்டும்: எரிபொருள், தீப்பொறி, சிலிண்டருக்குள் அமுக்கம். வீட்டு அடுப்புக்கு விறகும் நெருப்பும் காற்றும் வேண்டியதைப் போன்றதே இது. இம்மூன்றையும் இலகுவானதிலிருந்து கடினமானதை நோக்கி ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

எதற்கும் முதலாவதாக, இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானையும் அதில் மாட்டும் கொளுவியையும் பாருங்கள். ஓட்டுபவர் கடலில் தவறி விழுந்தால் இயந்திரம் நிற்கவேண்டும் என்பதற்காக அந்தக் கொளுவியில் ஒரு நாடா இருக்கின்றது. அது கழன்றிருந்தால் தீப்பொறி வராது. எத்தனை தடவை இழுத்தாலும் பயனில்லை.

அடுத்தது எரிபொருள். தாங்கியில் எண்ணெய் இருக்கின்றதா? மூடியிலுள்ள காற்றுத்துளை திறந்திருக்கின்றதா? அது மூடியிருந்தால் இயந்திரம் சில நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிடும். எண்ணெய்க் குழாயின் நடுவிலுள்ள இறப்பர்ப் பந்தை, அதிலுள்ள அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியிருக்கப் பிடித்து அமுக்குங்கள். சில அமுக்கில் பந்து கல்லுப்போல் இறுக வேண்டும். எவ்வளவு அமுக்கியும் இறுகாவிட்டால் எங்கோ காற்று உட்புகுகின்றது. குழாயின் இரு முனை இணைப்புகளையும் அவற்றின் இறப்பர் வளையங்களையும் பாருங்கள். அமுக்கிய பந்து சப்பையாகி எழும்பாமல் இருந்தால் தாங்கிப் பக்கத்தில் அடைப்பு உண்டு.

எரிபொருள் வருகின்றது என்றால் அது நல்ல எரிபொருளா என்பது அடுத்த கேள்வி. காபரேற்றரின் அடியிலுள்ள சிறிய திருகாணியைத் தளர்த்தி, வடியும் எண்ணெயை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு நிமிடம் ஆடாமல் வையுங்கள். நீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாக நிற்கும். கான்களில் நெடுநாள் கிடந்த எண்ணெயிலும், மழைக்காலத்தில் திறந்த பரல்களிலிருந்து எடுத்த எண்ணெயிலும் இதனை அடிக்கடி காணலாம். அதை முழுவதும் வடித்துவிட்டு, எண்ணெய் வடியையும் கழுவிப் போடவேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களுக்கு இன்னுமொரு காரணம் உண்டு. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, ஆகவே பற்றாது. இதனாற்றான் இவ்வியந்திரங்களைப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றோம். கரை சேருமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட்டே நிறுத்த வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால், காபரேற்றர் நிறைய மண்ணெண்ணெய் தங்கிவிடும். அடுத்த நாள் காலையில் தோள் நோக இழுப்பது அந்த மிச்சத்துக்கான வட்டியாகும். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்ததை எம்மவர் மறக்க மாட்டார்கள். எரிபொருள் விலையேறும்போது மனிதர் இப்படி மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இயல்பு. ஆயினும் இந்த இடத்தில் அது மிச்சமல்ல.

எண்ணெய் சரி என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது இயந்திரத்தின் நாக்கு. வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்கவேண்டும். மண்ணிறமாக இருந்தால் நலம். கரியும் எண்ணெயுமாக இருந்தால் துடைத்துச் சுத்தம் செய்யவேண்டும், அல்லது புதியது போடவேண்டும். பெற்றோல் வடிய நனைந்திருந்தால் சோக்கை அளவுக்கு மிஞ்சி இழுத்திருக்கின்றீர்கள். பிளக்கை உலர்த்திப் பூட்டி, சோக்கை விட்டு, வேகப்பிடியை முழுதாகத் திறந்து சில தடவை இழுங்கள். எவ்வளவு இழுத்தும் பிளக் காய்ந்தே இருந்தால் எண்ணெய் சிலிண்டரை எட்டவில்லை. திரும்பவும் எண்ணெய்ப் பாதையைப் பாருங்கள்.

தீப்பொறியைச் சோதிக்க, கழற்றிய பிளக்கை அதன் தொப்பியில் செருகி, பிளக்கின் உலோகப் பகுதி இயந்திரத்தின் வெறும் உலோகத்தில் நன்றாகப் படும்படி இறப்பர்ப் பிடியுள்ள குறட்டால் பிடித்துக்கொண்டு, மற்றவரை இழுக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் பலமான பொறி தெரிய வேண்டும். இதனைச் செய்யுமுன் சிந்திய பெற்றோலைத் துடைத்துவிட வேண்டும். பிளக் துளைக்கு அருகில் பொறி வரவிடக் கூடாது. பிளக் எங்கும் தொடாமல் தொங்கும் நிலையில் இழுப்பதும் கூடாது. மின்பொறிப் பெட்டி கெட்டுப்போகும். பொறி இல்லையென்றால் முதலில் புதிய பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதன் பின்னும் இல்லையென்றால் நிறுத்தும் பொத்தானின் வயர்களில் உப்பு ஏறியுள்ளதா என்று பாருங்கள். அதற்கப்பால் உள்ளது மெக்கானிக்கின் வேலை.

எண்ணெயும் பொறியும் சரியாயிருந்தும் பற்றாவிட்டால், பிளக் துளையை விரலால் அடைத்துக்கொண்டு மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேற வேண்டும். தள்ளவில்லையாயின் அமுக்கம் இல்லை. உள்ளே வளையமோ அடைப்பிதழோ தேய்ந்திருக்கும். இதுவும் மெக்கானிக்கின் வேலையே. ஆனால் இப்போது நீங்கள் அவரிடம், "அண்ணை, எண்ணெய் வருது, பொறி இருக்கு, கொம்பிரசன் இல்லை" என்று சொல்ல முடியும். அவர் சரியான உதிரிப்பாகத்தோடு ஒரே தடவையில் வந்து சேர்வார். பொறுப்பற்றவராயின் இல்லாத பழுதைச் சொல்லிப் பணம் பறிக்கவும் துணியமாட்டார்.

மூன்றரைத் தொன் படகுகளின் டீசல் இயந்திரங்களில் இந்தப் பிளக் கிடையாது. அங்கே சுழன்றும் பற்றாமைக்கு முக்கிய காரணம் எண்ணெய்க் குழாயில் காற்று அகப்பட்டிருப்பது. எண்ணெய் தீர்ந்து நின்ற பின்னும், வடி மாற்றிய பின்னும் இது நிகழும். காற்றகற்றும் திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்கினால் போதும்.

இயந்திரம் கடலில் விழுந்துவிட்டால் அதனை அப்படியே காயவிடுவது பெருந்தவறு. உப்பும் காற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே உள்ளே துருவேறத் தொடங்கும். உடனே நன்னீரால் கழுவி, பிளக்குகளைக் கழற்றி உள்ளிருக்கும் நீரை வடித்து, எண்ணெய் விட்டுச் சுழற்றி, அன்றைக்கே ஓடவைக்க முயல வேண்டும்.

கடல் நடுவில்

கரையில் இயந்திரம் பற்றாவிட்டால் ஒரு நாள் உழைப்புப் போகும். கடலில் பற்றாவிட்டால் உயிரே போகலாம். சோளகம் வீசும் மாதங்களில் முல்லைத்தீவு போன்ற கிழக்குக் கரைகளில் இயந்திரம் நின்றால், காற்று படகை வெளிக்கடலுக்கே தள்ளும். வாடை வீசும் மாதங்களில் மன்னாரின் வட கடலில் நின்றால் படகு மேற்கே, எல்லையை நோக்கி ஒதுங்கும். 1974இலும் 1976இலும் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்து வகுத்த கடல் எல்லைக்கோடு நீரில் தெரிவதில்லை. இயந்திரம் நின்று மிதந்து வந்த படகையும் எல்லை தாண்டி வந்த படகையும் பார்த்தவுடன் பிரித்தறிய எவராலும் முடியாது. வீட்டிலிருப்பவர்களுக்கு ஆள் உயிரோடிருக்கின்றாரா, மறியலில் இருக்கின்றாரா என்பதே தெரியாமல் நாட்கள் கழியும்.

ஆகவே இரண்டு மாற்றுப் பிளக்குகள், பிளக் சாவி, குறடு, திருகாணி திருப்பும் சாவி, மாற்றுக் கயிறு ஒன்று, உலர்ந்த துணி, கண்ணாடிப் போத்தல், விளக்கு ஆகியன நீர் புகாத ஒரு பெட்டியில் படகோடு போகவேண்டும். சிறிய இயந்திரமாயின் விசிறியின் பின்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துடுப்பும் நங்கூரமும் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் நம்பிப் போகக்கூடாது. இயந்திரம் நின்றவுடன் முதற் செய்யவேண்டியது கயிற்றை இழுப்பதல்ல, ஆழம் இடங்கொடுக்குமாயின் நங்கூரத்தைப் போடுவது. படகு நின்ற இடத்தில் நின்றால் பழுதை ஆறுதலாகப் பார்க்கலாம். தேடி வருபவர்களுக்கும் இடம் தெரியும்.

சொல்லப்படும் மறுப்புகள்

"கடற்றொழிலாளர் கைவைத்தால் இயந்திரம் இன்னும் பழுதாகும்" என்பார்கள் சிலர். ஒழுங்கு தெரியாமல் கைவைத்தால் பழுதாகும் என்பது உண்மையே. அதனாற்றான் ஒழுங்கைக் கற்பிக்க வேண்டும் என்கின்றோம். மேற்சொன்ன சோதனைகளில் ஒன்றுகூட இயந்திரத்தின் உட்பாகத்தைத் திறப்பதல்ல. எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அறிவின் ஒரு பகுதிதான்.

"மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கலாமா?" என்பது இன்னொரு கேள்வி. நல்ல மெக்கானிக்குகள் எமது கரைகளில் பலர் உளர். நள்ளிரவில் எழுப்பினாலும் வந்து உதவுபவர்கள் அவர்கள். கரி பிடித்த பிளக்கைத் துடைப்பதற்காக அவர்களை இருபது மைல் அழைப்பது அவர்களுக்கும் மதிப்பல்ல. அவர்களது திறமை தேவைப்படும் பெரிய பழுதுகள் எக்காலத்திலும் இருக்கவே செய்யும். கரையில் கற்பிக்கும் ஆசிரியர்களாக அவர்களையே அழைக்கலாம் என்பது எமது எண்ணம்.

"இப்போது வருவன மின்னணு இயந்திரங்கள், கணினி வேண்டும்" என்பது மூன்றாவது மறுப்பு. நாலடிப் புதிய இயந்திரங்களில் சில பழுதுகளைக் கடையில்தான் பார்க்க முடியும் என்பது சரி. அவற்றுக்கும் நல்ல எண்ணெய், உப்பில்லாத பற்றரி முனை, சுத்தமான வடி, மாட்டியிருக்கும் கொளுவி ஆகியன தேவைதானே? பழுது வரும்வரை காத்திராமல் பராமரிப்பது இவற்றுக்கு மேலும் முக்கியம்.

செய்யக்கூடியவை

ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் தனது இறங்குதுறைக்கு இருவரையேனும் தெரிவு செய்து பயிற்ற வேண்டும். ஒருவர் மட்டும் போதாது. அவர் கடலுக்குப் போன நாளில் கரை மறுபடியும் அநாதையாகும். அவ்விருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பதில் என்ன தடை? கணவனை இழந்த பெண்கள் படகுக்குச் சொந்தக்காரராக இருக்கும் ஊர்கள் எமது பிரதேசத்தில் பல. இயந்திரத்தில் என்ன பழுது என்று சொல்லப்படுவது உண்மையா பொய்யா என்று அறிய முடியாமல் கேட்ட பணத்தைக் கொடுப்பவர்களும் அவர்கள்தாம்.

சங்கத்தின் கட்டடத்தில் ஒரு கருவிப் பெட்டியும், ஊரில் அதிகமாகப் பாவிக்கப்படும் இயந்திரத்துக்குரிய பிளக், இறப்பர் வளையம், வடி, குளிர்நீர்ப் பம்பின் இறப்பர் இதழ், கயிறு ஆகியனவும் இருக்க வேண்டும். எடுப்பவர் கொள்விலையைக் கட்டினால் கையிருப்பு தீராது. பிடிபடும் மீனின் விலையிலிருந்து சிறு பங்கைக் கழித்துச் சேமிக்கும் வழக்கமுள்ள சங்கங்களுக்கு இதற்கு முதல் தேடுவது கடினமல்ல. ஒரே ஊரில் ஒரே வகை இயந்திரம் இருந்தால் உதிரிப்பாகத்தைப் பகிர்ந்துகொள்வதும் இலகு. புதிதாக வாங்குபவர்கள் இதனை மனத்திற் கொள்வது நல்லது.

ஒரு கொப்பியும் வேண்டும். எந்த இயந்திரம், என்ன அறிகுறி, என்ன காரணம், எப்படித் தீர்ந்தது என்று நான்கு நிரல்களில் எழுதி வந்தால், ஒரு வருடத்தில் அந்தக் கடலுக்கும் அந்தக் கரைக்கும் உரிய ஒரு பாடநூல் உருவாகிவிடும். எந்தக் கம்பனியின் கைநூலிலும் அது கிடைக்காது. ஒரே இடத்து எண்ணெயில் மீண்டும் மீண்டும் நீர் கலந்திருப்பது கொப்பியில் தெரியவந்தால், அது ஒருவரின் துரதிர்ஷ்டமாக இராமல் சங்கம் பேசவேண்டிய விடயமாகிவிடும்.

இளைஞரைத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு அனுப்புவது சங்கங்களின் சமாசம் செய்யக்கூடிய வேலை. உதவி நிறுவனங்களிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இயந்திரம் வழங்கும் எந்தத் திட்டமாயினும், பயிற்சிக்கும் கருவிப் பெட்டிக்கும் தமிழில் எழுதிய கைநூலுக்கும் அதே வரவுசெலவில் இடம் ஒதுக்கட்டும். பத்து இயந்திரம் கொடுக்க நினைப்பவர்கள் ஒன்பதைக் கொடுத்து, பத்தாவதன் பணத்தை அறிவுக்குச் செலவிடட்டும். ஒன்பதும் ஓடும்.

பராமரிப்புக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. கடலால் வந்ததும் இயந்திரத்தின் குளிர்நீர்ப் பாதையை நன்னீரால் கழுவுவது, கைநூலில் சொன்ன அளவில் எண்ணெய் கலப்பது, மேல்மூடியைத் திறந்து உப்பைத் துடைப்பது, குளிர்நீர் வெளியேறும் துளையால் நீர் பாய்கின்றதா என்று ஓட்டும்போது கவனிப்பது, இவை போதும். நெடுந்தீவு போன்ற இடங்களில் நன்னீர் குடிக்கவே அருமையானது என்பதை நாம் அறிவோம். அங்கும் ஒரு பரலில் மழைநீரைப் பிடித்து இயந்திரங்களுக்கென வைப்பதைச் சங்கம் பொதுவில் செய்யலாம்.

அபிவிருத்தி என்பது கையில் ஒரு பொருள் வந்து சேர்வது மட்டுமல்ல. அப்பொருள் நின்றுபோகும் நாளில் பிறர் முகம் பாராமல் அதனை மீண்டும் இயக்கக்கூடிய நிலையே அபிவிருத்தி. அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்த ஒரு விடயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எமது கரையில் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கையுயர்த்துபவர்களை எண்ணுங்கள். அந்தத் தொகையிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.